பல்லுக்காக ஒரு வருஷம்!

‘பல் போனால் சொல் போச்சு’ என்பார்கள். சொல் மட்டுமா போகிறது? முறுக்கு போச்சு, கொய்யாக்காய் போச்சு, கல்யாண வீட்டில் வாய்விட்டுச் சிரிப்பதும் போச்சு! கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கிவிட்டு, ‘உள்ளேதானே, யார் பார்க்கப் போகிறார்கள்?’ என்று ஒரு பக்கமாகவே மென்று காலம் தள்ளுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தக் காலி இடத்தை நிரப்பும் வித்தையைக் கற்கத்தான் என் மகள் ஒரு வருஷம் சுவிட்சர்லாந்து போனாள். இரண்டு வயதுக் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள்.

அவள் பல் டாக்டர். மாப்பிள்ளைக்குத் திருச்சியில் பாங்க் வேலை. 2016-ல் அவளுக்கு ஸ்காலர்ஷிப் கடிதம் வந்தது. ஐ.டி.ஐ. என்று ஒரு சர்வதேச அமைப்பு; பாசல் நகரத்தில் தலைமை அலுவலகம். பல நாட்டு இளம் பல் டாக்டர்களைத் தேர்ந்தெடுத்து, ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷம் இம்பிளான்ட் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள், உதவித்தொகையும் உண்டு. அவளுக்குக் கிடைத்தது பெர்ன் நகரம்.

கடிதம் வந்த அன்று பாயசம் வைத்தேன். மறுநாளே கவலை வந்துவிட்டது. உதவித்தொகை ஒரு ஆள் சிக்கனமாக இருக்கத்தான் காணும். குழந்தையைக் கூட்டிப் போனால் பகலெல்லாம் யார் பார்ப்பது? அந்த ஊர்க் குழந்தைகள் காப்பகத்துக் கட்டணத்தைக் கேட்டதும் மாப்பிள்ளை கணக்குப் போடுவதையே நிறுத்திவிட்டார். நான் கூடப் போகலாமென்றால், விசிட்டர் விசாவில் 180 நாளில் 90 நாளுக்கு மேல் இருக்க முடியாதாம்.

சம்பந்தி அம்மாவுக்கு இது பிடிக்கவேயில்லை. “பெத்தவ இருக்கறப்போ குழந்தை ஏன் ஏங்கணும்? இங்க இல்லாத பல்லா அங்க இருக்கு?” என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. அந்த அம்மாளின் மனசிலிருந்ததுதான் என் மனசிலும் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். கடைசியில் மாப்பிள்ளைதான், “அவ போகட்டும் அத்தை. நீங்க வந்து இருந்தா நான் சமாளிச்சுக்கறேன்” என்றார். கும்பகோணத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் திருச்சிக்குக் குடி வந்தோம். அக்டோபரில் அவள் விமானம் ஏறினாள்.

அப்படி என்ன படிப்பு இது என்று கேட்பீர்கள். அவள் போனில் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். டைட்டானியம் என்ற உலோகத்தில் சின்னத் திருகாணி மாதிரி செய்து, பல் போன இடத்தில் தாடை எலும்புக்குள் வைக்கிறார்கள். எலும்பு அதை அந்நியமாக நினைக்காமல் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. சில வாரமோ சில மாதமோ பொறுத்து, அதன் மேல் பல்லைப் பொருத்துகிறார்கள்.

கண்டுபிடித்த கதை இன்னும் வேடிக்கை! சுவீடன் நாட்டு ப்ரோனமார்க் என்ற ஆராய்ச்சியாளர் 1950-களில் முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றை வைத்து ரத்த ஓட்டத்தைப் பார்த்தாராம். வேலை முடிந்து எடுக்கப் போனால் வரவில்லை, எலும்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ‘இது பல்லுக்கு ஆகுமே’ என்று தோன்றியதில் பிறந்ததுதான் இந்த வைத்தியம். 1965-ல் அவர் முதன்முதலாக வைத்துவிட்ட மனிதர் 2006-ல் காலமானார். நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தத் திருகாணிகள் அவர் வாயில் உழைத்தன.

சுவிட்சர்லாந்திலோ கைக்கடிகார ஸ்பிரிங்குக்கு உலோகம் ஆராய்ந்த ஸ்ட்ராமன் நிறுவனத்துக்காரரும், பெர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷ்ரோடரும் கை கோத்தார்கள். 1980-ல் அவர்கள் தொடங்கியதுதான் என் மகளை அனுப்பிய அந்த அமைப்பு. கடிகாரத்திலிருந்து கடைவாய்க்கு! கேட்கவே ஆச்சரியமாக இல்லை?

முதல் மாதங்களில் அவளுக்குப் பார்ப்பதும் பக்கத்தில் நின்று உதவுவதும்தான் வேலை. கையால் பழக, கசாப்புக் கடையிலிருந்து வரும் பன்றித் தாடை. “நம்ம வீட்டுல முட்டைகூடக் கிடையாது, நீ அதையா தொடறே!” என்றேன். “குளிச்சிட்டேம்மா” என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. நாலாவது மாதம், ஒருநாள் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது பேத்தி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “அம்மா, போனை வெச்சுடு, வெளையாடலாம்” என்றாள். என்னைத்தான் அம்மா என்றாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, “நான் திரும்பி வந்துடறேம்மா. இந்தப் படிப்பு வேண்டாம்” என்றாள். ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. ‘வா’ என்று சொன்னால் அவள் எட்டு வருஷப் படிப்பின் ஆசை போகும். ‘வராதே’ என்று சொல்ல நான் யார்? பத்து மாதம் சுமந்தவள் அவள்.

மறுநாள் காலையில் சம்பந்தி அம்மா வந்தார். நடந்ததைச் சொன்னேன். ‘நான் அப்பவே சொன்னேனே’ என்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ போனை எடுத்து மருமகளிடம், “பாதியில வந்தா இதுவும் இல்ல, அதுவும் இல்லேன்னு ஆயிடும். நாலு மாசம் போயாச்சு, மிச்சமும் போயிடும். நீ படிச்சு முடிச்சிட்டு வா. வாரத்துல மூணு நாள் நான் வந்து குழந்தையைப் பார்த்துக்கறேன்” என்றார்! அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பாட்டிகளும் முறை வைத்துக்கொண்டோம்.

அத்தோடு சில வழக்கங்களும் வைத்தோம். வெளியூரில் வேலை பார்க்கும் இளம் தாய்மார்களுக்கு உபயோகப்படும் என்று எழுதுகிறேன். பேசும் நேரத்தை ஒன்றாக வைத்தோம். குளிர்காலத்தில் அந்த ஊருக்கும் நமக்கும் நாலரை மணி வித்தியாசம், கோடையில் மூன்றரை. அவளுடைய மத்தியானச் சாப்பாட்டு வேளைதான் எங்கள் சாயங்கால டிபன் வேளை. ஐந்து மணிக்கு அவள் அங்கே ரொட்டி தின்ன, குழந்தை இங்கே இட்லி தின்னும். ‘என்ன சாப்பிட்டே?’ என்ற விசாரணை இல்லை. தினம் ஒரு கரடிக் கதை. குழந்தை என்னை அம்மா என்றால், “நான் பாட்டிடா கண்ணு, அம்மா ஊர்ல பல்லு படிக்கறா” என்று ஒவ்வொரு தடவையும் சொன்னோம். அவள் உடுத்திய பழைய புடவை ஒன்றைத் தூங்கும்போது பக்கத்தில் போட்டோம். ஒரு மாதத்தில் ஐந்து மணி அடித்தால் குழந்தையே போனைத் தேட ஆரம்பித்தாள்.

ஜூன் மாதம் மூன்று வாரம் குழந்தையைக் கூட்டிக்கொண்டு பெர்ன் போய் வந்தேன். பச்சைப் பசேலென்று ஆரே ஆறு ஊரைச் சுற்றி ஓடுகிறது. வேலை விட்டு வருகிறவர்கள் துணிமணியைப் பையில் கட்டிக்கொண்டு ஆற்றோடு மிதந்தே போகிறார்கள்! 2014-ல் திறந்த ‘சமயங்களின் வீடு’ ஒன்று அங்கே உண்டு. மசூதி, சர்ச், புத்த விகாரை, நம் சிவன் கோயில் எல்லாம் ஒரே கூரையின் கீழ். யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் நிறைய வருகிறார்கள். பிராகாரத்தில் ஒரு அம்மாள் என் கதையைக் கேட்டுவிட்டு, “அக்கா, சண்டைக்குள்ள நான் என்ர மூத்தவனை அம்மாவோட விட்டிட்டு வந்தனான். ஆறு வருஷம் காணேல்லை. உங்கட மகள் படிக்கத்தானே வந்தவ” என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன பதில் சொல்ல முடியும்?

அந்த அக்டோபரில் அவள் திரும்பி வந்தாள். குழந்தை ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளவில்லை. பத்து நாள் என் முந்தானைக்குப் பின்னாலேயே நின்றாள். என் மகள் அவசரப்படாமல், கூப்பிடாமல், பக்கத்தில் உட்கார்ந்து அதே கரடிக் கதையைச் சொன்னாள். பதினோராம் நாள் மடியில் ஏறிவிட்டாள். நாங்கள் கும்பகோணத்துக்கு மூட்டை கட்டினோம்.

“எனக்கு உடனே ஒரு பல் வெச்சு விடேன்” என்று கேட்டதற்கு, “இப்போ கூடாதும்மா” என்றாள் என் அருமை மகள்! எனக்குச் சர்க்கரை உண்டு. அது கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் சரியாக ஆறாது. ஈறு வியாதியும் இருந்தது. முதலில் ஈறைச் சரி செய்து, மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனை நன்றாக வந்த பிறகுதான் வைத்தாள். “யாருக்கு வைக்கக் கூடாது, யார் காத்திருக்கணும்னு தெரிஞ்சுக்கத்தாம்மா பாதி வருஷம் போச்சு” என்பாள்.

அவள் சொன்ன சில விஷயங்கள். பல் போன இடத்தில் தாடை எலும்பு நாளாவட்டத்தில் தேயும். ஆகவே வருஷக்கணக்கில் தள்ளிப் போடாமல் கேட்டு வையுங்கள். பிரிட்ஜ், பல் செட் போன்றவையும் நல்ல வழிகள்தான். எல்லோருக்கும் இம்பிளான்ட் தேவையில்லை. வளரும் பிள்ளைகளுக்குத் தாடை வளர்ச்சி முடியும்வரை வைப்பதில்லை. புகையிலை, சிகரெட் பழக்கம் இருந்தால் பிடிமானம் கெடும். இம்பிளான்டில் சொத்தை வராது. ஆனால் சுற்றிலும் அழுக்குச் சேர்ந்தால் ஈறு வீங்கி எலும்பு கரைந்து அதுவும் விழும். தினம் இருவேளை துலக்கி, இடுக்குகளைச் சின்ன பிரஷ்ஷால் சுத்தம் செய்ய வேண்டும். கர்ப்ப காலத்தில் ஈறில் ரத்தம் வந்தால் ‘பிள்ளை பல்லிலிருந்து சத்தை உறிஞ்சுகிறது’ என்று சும்மா இருக்காதீர்கள். குழந்தை பல்லிலிருந்து எதையும் எடுப்பதில்லை. ஹார்மோன் மாறுதலால் ஈறு வீங்குகிறது. சுத்தம் செய்துகொண்டால் போதும்.

என் பங்குக்கு ஒன்று. உங்கள் வீட்டுப் பெண்ணுக்கோ மருமகளுக்கோ இப்படி ஒரு கடிதம் வந்தால், ‘குழந்தையை விட்டுட்டு எப்படிப் போவே?’ என்று அவளைக் கேட்காதீர்கள். ‘குழந்தையை நாம் எப்படிப் பார்த்துக்கொள்வது?’ என்று வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பேசுங்கள். போகவே வேண்டாம் என்றுகூட அந்தப் பேச்சு முடியலாம். ஆனால் அந்தப் பாரத்தை அவள் ஒருத்தி தலையில் மட்டும் வைக்காதீர்கள்.