இருட்டாத ஊர்கள்

ஜூன் 10, ஒஸ்லோ
இரவு பத்தரை. எதிர்ச் சுவரில் இன்னும் வெயில். அக்கா படுத்ததும் குறட்டை. எனக்குக் கண்ணை மூடினாலும் இமைக்குள் சிவப்பு. திரைச்சீலை மெல்லிசு. இதற்கா இவ்வளவு வாடகை?

ஜூன் 11
விகலான் பூங்கா. இருநூறுக்கு மேல் சிலைகள், எல்லாம் ஒரே மனிதர் வடித்தவை. பெரும்பாலானவற்றின் மேல் ஒட்டுத்துணி இல்லை. அக்கா முதலில் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு ஒரு கிழவியின் சிலைமுன் நின்றவள் நகரவே இல்லை. ஒற்றைக்கல் தூணில் 121 உடல்கள், ஒன்றின்மேல் ஒன்று நெருக்கியடித்து. எனக்கு மூச்சு முட்டியது.

ஒரு காப்பி 52 குரோனர். எட்டால் பெருக்கக் கூடாது என்று விமானத்திலேயே முடிவெடுத்தது. பெருக்கினேன். காப்பி கசந்தது.

ஊர் பிடித்திருக்கிறது. ஹாரனே இல்லை. சாயங்காலத்துக்குள் அதுவே எரிச்சல்.

ஜூன் 13, ஃப்லோம்
ரயில். பின்சே, 1222 மீட்டர். ஜூனில் பனி! ஏரி பாதி உறைந்திருந்தது. இறங்கி ஒரு பிடி அள்ளினேன், விரல் விண்ணென்றது. மீர்டாலில் மாறி 20 கிலோமீட்டர் இறக்கம், 20 சுரங்கம். காதடைப்பு இன்னும் போகவில்லை.

ஷோஸ் அருவியில் ரயிலை நிறுத்தி, பாட்டுப் போட்டு, சிவப்புப் பாவாடையில் ஒருத்தியைப் பாறைமேல் ஆடவிடுகிறார்கள். அருவி மட்டும் போதாதா? அக்கா கைதட்டினாள்.

ஜூன் 14
நேரோய் ஃபியோர்டு. மின்சாரப் படகு, சத்தமே இல்லை. ஒடுங்கின இடத்தில் அகலம் 250 மீட்டர்தான், இருபுறமும் செங்குத்துப் பாறை. அருவிகளை எண்ணத் தொடங்கினேன், விட்டுவிட்டேன். அக்காகூட வீடியோ எடுக்கவில்லை. ஏனென்று தெரியாமல் அழுகை வந்தது. காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

இரவு பன்னிரண்டு. புத்தகம் படிக்கும் வெளிச்சம். தூக்கம் இல்லை.

ஜூன் 15, பெர்கன்
மழை. மழை. இங்கே ஆண்டில் 200 நாளுக்கு மேல் பெய்யுமாம். குடை இரண்டு கம்பி போச்சு.

பிரிகன் மர வீடுகள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து. 1702இல் எரிந்து மறுபடி கட்டியவை. ஹான்சா ஜெர்மன் வணிகர்கள் வடக்கிலிருந்து வந்த கருவாட்டை வாங்கிக்கொண்டு தானியம் கொடுத்த இடம். தீக்குப் பயந்து உள்ளே அடுப்பே மூட்டமாட்டார்களாம், பனிக்காலத்திலும். என்ன பிழைப்பு. நனைந்த மரத்தின் நாற்றம். அந்தச் சந்துகளை விட்டு வரவே மனமில்லை.

பஸ்ஸில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. “எங்கயிருந்து வாறியள்?” 1986இல் வந்தவராம். முதலில் வடகோடியில், பின்மார்க்கில், மீன் ஆலை வேலை. தூக்கமே இல்லை என்றேன். சிரித்தார். “இருட்டு வேணுமெண்டால் டிசம்பரில வாங்கோ. அங்க ரெண்டு மாசம் சூரியனைக் காணேலாது.” அதற்குள் அவர் நிறுத்தம் வந்துவிட்டது.

ஜூன் 17, ரெய்னெ
பூடோவிலிருந்து கப்பல், மூன்றரை மணி நேரம். அக்கா பாதி வழி வாந்தி. இஞ்சி மரப்பா தீர்ந்தது. திட்டலாம் என்றிருந்தேன். முகத்தைப் பார்த்ததும் தலையைப் பிடித்துவிட்டேன்.

லோஃபோட்டன் மலைகள் கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கின்றன. தண்ணீர்மேல் கால் ஊன்றிய சிவப்பு மீனவர் குடில்கள். ஒன்றில் நாங்கள். பலகை இடுக்கு வழியே கடல் தெரிகிறது.

இங்கே சூரியன் மலைக்குப் பின்னால் போவதோடு சரி, அஸ்தமிப்பதில்லை. ஜன்னலில் கறுப்புத் துப்பட்டாவைக் கட்டினேன். வெளிச்சம் நூலிழைகளுக்கு நடுவே வருகிறது.

ஜூன் 18
ராத்திரி இரண்டு மணிக்குக் கடற்காகங்கள் கூச்சல். அவற்றுக்கும் தூக்கமில்லை போல.

மீன் காயப்போடும் மரச் சட்டங்கள் பெரும்பாலும் காலி. தலைகள் மட்டும் சில இடங்களில் தொங்கின. உப்பே போடுவதில்லையாம்! பிப்ரவரியிலிருந்து மே வரை உறையாத, அழுகாத குளிர், ஈயும் கிடையாது, காற்றே காயவைத்துவிடும். உடல் இத்தாலிக்கு, தலை நைஜீரியாவுக்கு. அக்கா நம்பவில்லை. “உப்பில்லாம கருவாடா? தூத்துக்குடியில போய்ச் சொல்லு.” ஒரு துண்டை மோந்து பார்த்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. அப்பா சட்டை வாசம், என்றாள்.

பழுப்புப் பாலாடைக்கட்டி. திரட்டுப்பால் ருசி. முழுக் கட்டியும் நானே தின்றேன். வயிறு சரியில்லை.

ஜூன் 19
ரெய்னெபிரிங்கன். நேபாள ஷெர்பாக்கள் கல் தூக்கிப் போட்ட படிகள், ஏறத்தாழ 2000. முழங்கால் பாதியிலேயே கைவிட்டது. அக்கா, என்னைவிட ஆறு வயசு மூத்தவள், நேற்று முன்தினம் வாந்தியெடுத்தவள், நிற்காமல் ஏறிப் போனாள். பொறாமை. ஆமாம், பொறாமைதான். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊர் முழுக்கத் தெரிந்தது, தீவுகள், பாலங்கள், பச்சைத் தண்ணீர். மேலே போனால் இன்னும் நன்றாகத் தெரியுமாம். தெரியட்டும்.

இறங்கி வந்தவள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். நான் கேட்கவில்லை.

மணி ஒன்று. வெளிச்சம். கண் எரிகிறது. தெருவில் யாரோ குழந்தையோடு நடக்கிறார்கள். இவர்களுக்கு இது பழகிவிட்டது. எனக்கு வேண்டாம். ஒரு மணி நேரம் இருட்டு கிடைத்தால் போதும்.

ஜூன் 20, ஒஸ்லோ விமான நிலையம்
மூன்று மணி நேரத் தாமதம். தண்ணீர் குழாயில் இலவசம், அதுதான் ஆறுதல். அக்கா என் தோளில் தூங்குகிறாள். தோள் மரத்துவிட்டது. எழுப்பவில்லை.

லோஃபோட்டனுக்கு இன்னொரு தடவை வரவேண்டும். செப்டம்பரில். ஜூனில் காசு கொடுத்துக் கூப்பிட்டாலும் மாட்டேன்.