குண்டசாலை வெயில்

கண்டி மாநகரை விட்டு மகியங்கனைப் பெருந்தெருவிலே கிழக்கு நோக்கிச் செல்வோர், தென்னக்கும்புறைப் பாலத்தில் மகாவலி கங்கையைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் குண்டசாலையை அடைவர். கண்டியிலிருந்து பத்துக் கிலோமீற்றருக்கும் குறைந்த தூரமே. ஆயினும் இவ்வூருக்குத் தனிச் சரித்திரம் உண்டு. 1707 முதல் 1739 வரை கண்டி இராச்சியத்தை ஆண்ட நரேந்திரசிங்கன் இவ்வாற்றங்கரையிலே மாளிகை அமைத்து வாழ்ந்தமையால் 'குண்டசாலை அரசன்' எனப் பெயர் பெற்றான். மதுரையிலிருந்து வந்த பெண்ணை மணந்தவன் அவன். அவனுக்குப் பின் அரியணை ஏறியவன் அவ்வரசியின் சகோதரனே.

அரண்மனை மறைந்துவிட்டது. இன்று இவ்வூரின் பெயரை விளங்கவைப்பவை விவசாயக் கல்லூரியும் பண்ணை நிலங்களுமாம். வரப்புகளிலே மாணவரும் உழவரும் நின்று பணிபுரிவதைக் காண்கிறோம். கங்கையிலிருந்து வீசும் காற்று உடலுக்கு இதமாயிருக்கிறது. "கண்டிச் சீமையில் வெயில் ஏது?" என்று எண்ணத் தோன்றுகிறது. அந்த எண்ணமே நம்மை ஏமாற்றுவது.

பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ ஏழேகால் பாகையில் உள்ள இவ்வூரில், ஆண்டுக்கு இருமுறை கதிரவன் நேர் உச்சிக்கு வருகிறான்: ஏப்ரல் இரண்டாம் வாரத் தொடக்கத்தில் ஒருமுறை, செப்டெம்பர் முதல் வாரத்தில் மறுமுறை. அந்நாட்களில் நண்பகலிலே நமது நிழல் நம் காலடியிலேயே அடங்கிவிடும். சருமத்தைக் கெடுப்பது வெயிலின் சூடன்று. கண்ணுக்குப் புலப்படாத ஊதாக் கடந்த கதிர்களே. குளிர்ந்த காற்று சூட்டைத் தணிக்கும், அக்கதிர்களைத் தணியாது. மெல்லிய மேகத்தையும் அவை பெரும்பாலும் ஊடுருவும். நீராடுவோருக்கு நீரும் காவலன்று. அரை மீற்றர் ஆழத்திலும் அவற்றில் ஏறத்தாழ 40 சதவீதம் எட்டும். மேலே செல்லச் செல்ல ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் அவை பத்துச் சதவீதமளவு மிகுவதால், தேயிலை மலைகளிலே கொழுந்து பறிப்போருக்கு எச்சரிக்கை இன்னும் வேண்டும்.

"நமது நிறமே நமக்குக் குடை" என்பாரும் உளர். இதில் ஓரளவு உண்மை உண்டு. மெலனின் என்னும் கருநிறப் பொருள் இயற்கை தந்த கவசம். வெண்ணிறத்தாரைவிட நமக்குச் சருமப் புற்றுநோய் குறைவு. ஆயினும் முகத்தில் மங்கு படர்தல், தோல் காலத்துக்கு முன் சுருங்குதல், கண்ணில் புரை வளர்தல் ஆகியவை கரிய மேனியருக்கும் வரக்கூடியவையே. கரிய மேனியருக்கு வரும் கொடிய மச்சப் புற்றோ, வெயிலுக்குத் தொடர்பின்றியே உள்ளங்காலிலும் நகத்தடியிலும் தோன்றுவதுண்டு; ஆதலால் புதிதாய் வளரும் மறுவையும் ஆறாத புண்ணையும் மருத்துவரிடம் காட்டுதல் கடமை.

நம் முன்னோர் வெயிலை அசட்டை செய்தாரல்லர். 1660 இல் சிறைப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், தாளிப்பனையின் ஒற்றை ஓலையை வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் தலைமேற் பிடித்துச் சென்றதை 1681 இல் வெளிவந்த தமது நூலில் வியந்து எழுதியிருக்கிறார். அம்மரத்துக்குத் தாவரவியலார் சூட்டிய பெயரிலும் 'குடை தாங்குவது' என்னும் பொருளே அடங்கியுள்ளது. பேராதனைப் பூந்தோட்டத்திற்குச் செல்லும் மாணவர் அதனை இன்றும் கண்டு களிக்கலாம்.

ஓலைக்குடை போனாலும் அது கற்பித்த பாடம் போகவில்லை. முதற் காப்பு நிழல், இரண்டாவது ஆடை, களிம்பு மூன்றாவதே. நம் நிழல் நம் உயரத்தினும் குறுகியிருக்கும் வேளையில் கதிர்கள் கடுமையானவை என்றறிக. வயல் வேலையை இயன்றவரை காலையிலும் மாலையிலும் வைத்துக்கொள்ளலாம். நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டையும், மூன்று அங்குல விளிம்புள்ள தொப்பியும் வேண்டும். களிம்பு பூசுவோர் 30 அல்லது அதற்கு மேற்பட்ட காப்பெண் உடையதைத் தாராளமாகப் பூசி, இரண்டு மணிக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு நிழலும் துணியுமே போதும்.

மற்றொன்றும் கூறவேண்டும். வெயிலில் கறுத்த முகத்தை வெளுப்பதாகக் கூறி விற்கப்படும் சில களிம்புகளில் பாதரசம் கலந்திருக்கிறது. அது நிறப் பொருளை ஒடுக்கிச் சருமத்தின் கவசத்தையே கழற்றுகிறது, சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. இத்தகைய பூச்சுகளை விலக்குமாறு 2013 இல் நிறைவேறிய மினமாட்டா உடன்படிக்கை உலக நாடுகளை வேண்டியது. பெண்ணுக்கு வரன் தேடும் பெற்றோரும், தோழியர் சொல் கேட்கும் மாணவியரும் இதனைச் சிந்திப்பாராக. வயலில் உழைத்துக் கறுத்த மேனி இழிவன்று. அதனைக் காப்பதே அறிவு, வெளுக்க முயல்வது பேதைமை.