ஈயம் தேடிப் போன வழி

கோலாலம்பூரின் அம்பாங் இலகு ரயில் தடம் 1996 டிசம்பர் 16ஆம் நாள் ஓடத் தொடங்கியது. ஆயின், அதன் வழி 1857இலேயே வகுக்கப்பட்டுவிட்டது. கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர், கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் துறையில் படகை விட்டிறங்கிக் காட்டினூடே அம்பாங் நோக்கி நடந்தனர். ஈயம் கிடைத்தது, காய்ச்சலும் பற்றியது. ஒரு திங்களுக்குள் எஞ்சியோர் 18 பேரே என்பர். அக்கூடுதுறையின் அருகில்தான் இன்று மஸ்ஜிட் ஜாமேக் நிலையம் நிற்கிறது.

பின்னாளில் அம்பாங்கிற்கு ஒரு மீட்டர் அகலப் புகைவண்டிப் பாதை அமைந்து, காலப்போக்கில் கைவிடப்பட்டது. புல் மூடிய அந்நிலத்திலேயே பெரும்பாலும் புதிய தண்டவாளம் பதிந்தது. அகலம் மட்டும் 1435 மில்லிமீட்டர்.

வடக்கே அது செந்தூல் தீமோரை எட்டியது 1998 டிசம்பரில். செந்தூல் என்றதும் மலேசியத் தமிழர் நெஞ்சில் எழுவது ரயில்வே பட்டறையன்றோ! நீராவி எஞ்சின்களைப் பழுதுபார்த்துத் தலைமுறை தலைமுறையாக அங்கு வியர்வை சிந்தினர் தமிழர். 1945இல் நேசநாட்டு விமானங்கள் குண்டு வீசியதும் அப்பட்டறையின் மீதுதான். சுற்றிலும் எழுந்த கோயில்களும் குடியிருப்புகளும் அவ்வுழைப்பைச் சூழ்ந்து வளர்ந்தவையே.

ஈயத் தொழிலதிபர் சான் சோவ் லின் பெயரை ஒரு நிலையம் தாங்குகிறது, தகும். பட்டறைத் தொழிலாளரை நினைவூட்டும் பெயர் மட்டும் அத்தடத்தின் 18 நிலையங்களுள் ஒன்றிற்கும் இல்லை. செந்தூலில் இறங்கும் மாணவனுக்கு அதை ஆசிரியர்தாம் சொல்ல வேண்டியிருக்கிறது.