‘உங்க சொந்த ஊர் எது?’ - நெய்வேலி குவார்ட்டர்ஸ் பிள்ளைகளைத் திணறவைக்கும் கேள்வி!

நெய்வேலியில் வளர்ந்தவர்களிடம் வீடு எங்கே என்று கேட்டுப் பாருங்கள். முதலில் ஓர் எண்தான் வரும். ‘நாங்க 17-வது வட்டம்’, ‘அவங்க 4-வது வட்டம்’. டவுன்ஷிப்பை வட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அகலமான சாலைகள், இருபுறமும் மரங்கள், வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் தோட்டம். பக்கத்திலேயே பண்ருட்டி என்பதால் கொல்லையில் பலா நிற்பதும் இங்கே சகஜம். பள்ளி, ஆஸ்பத்திரி, கடைத்தெரு, மைதானம் எல்லாமே சைக்கிள் மிதிக்கும் தூரம்தான்.

‘சரி, சொந்த ஊர் எது?’ என்று அடுத்த கேள்வியைப் போட்டால் கொஞ்சம் தயங்குவார்கள். தாத்தா-பாட்டி ஊர் என்பது பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் போய்வந்த ஊர். பிறந்தது, படித்தது, முட்டி சிராய்க்க சைக்கிள் பழகியது எல்லாம் நெய்வேலி. வீடு மட்டும் சொந்தமில்லை. அப்பாவோ அம்மாவோ என்.எல்.சி-யில் வேலை பார்க்கும் வரைதான் குவார்ட்டர்ஸ். ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

இதே கேள்விக்குத் திணறும் இன்னொரு கூட்டம் கடலில் இருக்கிறது. பாய்மரப் படகையே வீடாக்கிப் பிள்ளை வளர்க்கும் குடும்பங்கள் அவை. அங்கே அப்பாவும் அம்மாவும்தான் டீச்சர். பாடம் அஞ்சல் வழியில் வரும். லாரா டெக்கர் அப்படி ஒரு குழந்தை. பெற்றோர் படகில் உலகம் சுற்றிக்கொண்டிருந்தபோது, 1995-ல் நியூசிலாந்தில் பிறந்தார். முதல் சில ஆண்டுகள் கடலிலேயே கழிந்தன. 13 வயதில் தனியாக உலகைச் சுற்றப்போவதாக அவர் அறிவித்ததும், நெதர்லாந்து நீதிமன்றம் தடுத்தது. படிப்பு என்னாகும் என்பதும் அதிகாரிகளின் கவலைகளில் ஒன்று. 2010-ல் தடை நீங்கியது. 2012 ஜனவரியில், 16 வயதில் பயணத்தை முடித்துவிட்டார்.

கடலுக்கும் கடலூர் மாவட்டத்தின் இந்தச் சுரங்க ஊருக்கும் என்ன சம்பந்தம்? தண்ணீர்தான். படகில் கசிந்து சேரும் நீரை அவ்வப்போது இறைக்காவிட்டால் ஆபத்து. நெய்வேலியிலும் அதே கதைதான். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தோண்டிய கிணற்றில், ஊற்றுநீரோடு கறுப்புத் துகள்களும் மேலே வந்தன. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் நிறுவனம் பிறந்தது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-ல் நிலக்கரிப் படிவத்தைத் தொட்டார்கள். அன்று வழிகாட்டிய அதே ஊற்றுதான் சுரங்கத்துக்குச் சவாலும் ஆனது. படிவத்துக்கு அடியில் இருக்கும் நீர், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டுகிறது. இறைப்பதை நிறுத்தினால் சுரங்கத்தின் அடித்தளம் பிளந்து, தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். அதனால் இரவு பகலாக பம்புகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி அக்கம்பக்கத்து வயல்களுக்குப் போகிறது. ‘எங்க நிலத்தடி நீர் கீழே போயிடுச்சே’ என்ற குமுறலும் அதே வயல்களிலிருந்துதான் வருகிறது.

பம்பு ஓய்வெடுக்காது என்றால் ஆட்களும் மொத்தமாக ஓய்வெடுக்க முடியாது. இங்கே குடும்ப வாழ்க்கையை நடத்துவது காலண்டர் இல்லை, ஷிப்ட்தான். நைட் ஷிப்ட் முடித்த அப்பா பகலில் தூங்குவார், டி.வி சத்தம் குறையும், பிள்ளைகள் குசுகுசுவென்று சண்டை போடுவார்கள். தீபாவளி காலையில் அப்பா சுரங்கத்தில் இருப்பார். பட்டாசு மாலைக்குத் தள்ளிப்போகும். நடுக்கடலில் எல்லாரும் தூங்கும்போது ஒருவர் விழித்திருந்து படகைப் பார்த்துக்கொள்வதைப்போலத்தான் இதுவும்.

படகுப் பிள்ளைகள் காற்றையும் நட்சத்திரத்தையும் பார்த்துப் படிக்கிறார்கள். நெய்வேலிப் பிள்ளைகளுக்கு அது சாப்பாட்டுத் தட்டின் முன்னால் நடக்கும். வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரியின் எடையில் பாதி தண்ணீர்தான் என்பதும், சக்கரத்தில் வாளிகள் பொருத்திய ராட்சத எந்திரம் மண்ணை வாரிக்கொண்டே நகரும் என்பதும் புத்தகத்தில் வருவதற்கு முன்பே வீட்டுப் பேச்சில் வந்துவிடும். பள்ளிகளையும் நிறுவனமே நடத்துகிறது. போதாக்குறைக்கு 1998-லிருந்து புத்தகக் கண்காட்சி. பெருநகரமாக இல்லாத ஓர் ஊருக்கு இது பெரிய கொடுப்பினை.

இந்தச் சொகுசுக்கு விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். சொந்த ஊர் எது என்று தயங்காமல் சொல்லக்கூடிய விவசாயக் குடும்பங்கள் அவை. அவர்களின் ஊர்கள்தான் ஒவ்வொன்றாகச் சுரங்கத்துக்குள் போயின. 2023 ஜூலையில், வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிருக்குள் எந்திரங்கள் இறங்கிய காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. குவார்ட்டர்ஸை விட்டுப் போகிறவர் கையில் ஓய்வுக்காலப் பணம் இருக்கும். போவது எப்போது என்று பல வருடங்களுக்கு முன்பே தெரியும். ஊரை இழந்தவருக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

ஆனாலும் சாவியை ஒப்படைக்கும் நாள் சுலபமானதல்ல. அம்மா வைத்த கறிவேப்பிலையை வேரோடு கொண்டுபோக முடியாது. சிலர் பிள்ளைகளைத் தேடிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறார்கள். பலர் ஆர்ச் கேட்டைத் தாண்டி இந்திரா நகரிலும் வடக்குத்திலும் வீடு கட்டிக் குடியேறுகிறார்கள். முப்பது வருடம் வாழ்ந்த வட்டம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால், அந்த வீட்டில் இப்போது வேறு பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

நெய்வேலிக்குப் போக விரும்புகிறவர்கள் சென்னை-கும்பகோணம் சாலையில் பண்ருட்டியைத் தாண்டினால் போதும். சுரங்கத்துக்குள் போக அனுமதி வேண்டும். வில்லுடையான்பட்டு முருகன் கோயிலுக்கு வேண்டாம். டவுன்ஷிப் வருவதற்கு முன்பிருந்தே கையில் வில்லோடு நிற்கும் சாமி அவர். பங்குனி உத்திரத்தன்று போனால் காவடிக் கூட்டத்தில் எல்லாரையும் பார்க்கலாம். இன்று குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள், காலி செய்தவர்கள், சுரங்கத்துக்கு ஊரைக் கொடுத்தவர்கள் என எல்லாருக்கும் அங்கே ஒரே வரிசைதான்.