வெள்ளிக்கோளும் கந்தகமும்

பாவூர்சத்திரத்திலிருந்து மேற்கே நோக்கினால் குற்றாலத்து மலைத்தொடர் தெரியும். வெள்ளி மாலை வானில் தோன்றும் மாதங்களில், காய்கறிச் சந்தையின் இரைச்சல் அடங்கிய பின், அது அம்மலைகளுக்கு மேலே சுடர்விடுவதை நாம் கண்டு மகிழ்ந்ததுண்டு. அன்னை மரியாளை மன்றாட்டுமாலையில் விடியற்கால விண்மீன் என்று அழைத்துப் பழகிய நமக்கு, அதன் மெய்யுருவம் அதிர்ச்சி தருவதே. அதனைப் போர்த்தியிருக்கும் முகில்கள் கந்தக அமிலத் துளிகளால் ஆனவை. தரையிலோ ஏறத்தாழ 460 பாகை செல்சியசு வெப்பம். சோதோம் நகரை நினைத்துக்கொள்வோரை நாம் குறை கூறோம்.

இவற்றை எப்படி அறிந்தார்கள்? ஒவ்வொரு வளியும் தனக்குரிய அலைநீளங்களில் மட்டும் ஒளியை விழுங்கும். தொலைநோக்கி காட்டுவது அந்த நிழல்களை மட்டுமே. அவற்றுக்குப் பெயர் சொல்வது ஆய்வுக்கூடம். ஒரு குழாயிலிருந்து காற்றை அகற்றி, தூய வளியைச் சிறிதளவு செலுத்தி, ஒரு முனையில் ஒளியைப் புகுத்தி, மறுமுனையில் எந்த அலைநீளத்தில் எவ்வளவு குறைந்தது என அளப்பார்கள். அழுத்தத்தையும் வெப்பத்தையும் மாற்றி மீண்டும் மீண்டும் அளப்பார்கள். வெப்பம் மாறினால் நிழலின் ஆழமும் மாறிவிடும் அன்றோ! செய்தித்தாள்கள் தொலைநோக்கியைப் புகழ்கின்றன, இக்குழாயை மறந்துவிடுகின்றன. இது நமக்கு வருத்தமே.

இப்பணி நம் நாட்டிலும் நடக்கிறது. 1994 சூலையில் சூமேக்கர்–லெவி வால்மீன் வியாழன்மீது மோதியபின், அங்கே கார்பன் டைசல்பைடு இருப்பதை அபுள் தொலைநோக்கி கண்டது. அதே வளியின் நிறமாலையைப் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் இந்தூரிலுள்ள இண்டஸ்–1 சிங்க்ரோட்ரானின் புற ஊதா ஒளியில் நுணுக்கமாக அளந்துள்ளனர்.

வெள்ளிக்கு வருவோம். 1927-இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சனிலிருந்து பிராங்க் ராஸ் அதனைப் புற ஊதா ஒளியில் படமெடுத்தபோது கரும்பட்டைகள் தென்பட்டன. 320 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளங்களில் கந்தக டை ஆக்சைடு அவற்றை விளக்கிவிடுகிறது. அதற்கு மேல் ஒளியை விழுங்குவது எது என்பது இன்றுவரை முடிவாகவில்லை. அற்பமான கேள்வியன்று இது. வெள்ளி ஏற்கும் கதிரவ ஆற்றலில் ஏறத்தாழப் பாதியை அப்பொருளே உட்கொள்கிறது. இரண்டு கந்தக அணுக்களும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களும் இணைந்த மூலக்கூறாக அது இருக்கலாம் என்று 2016-இல் சிலர் முன்மொழிந்தனர். அம்மூலக்கூறோ நிலையற்றது, குழாயில் பிடித்து அளப்பதற்குள் சிதைந்துவிடும். சங்கிலியாகவும் வளையமாகவும் கோத்த கந்தக அணுக்கள், இரும்புக் குளோரைடு என வேறு பொருள்களையும் சொல்கிறார்கள். ஒன்றன் நிழலும் இதுவரை முழுமையாகப் பொருந்தவில்லை.