ஐம்பது நிமிஷப் பிரயாணம்

விமான அட்டவணை படிப்பதில் எனக்கு ஒரு ருசி உண்டு. நாவலைப் போல அதிலும் கொஞ்சம் கற்பனை கலந்திருக்கிறது.

லண்டன் ஹீத்ரூவிலிருந்து பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையத்துக்கு நேர்க்கோட்டில் சுமார் 350 கிலோமீட்டர். காலை 10 மணிக்குக் கிளம்பினால் 12.15க்குப் பாரிஸ் என்று போட்டிருக்கும். அங்கே 10க்குக் கிளம்பினாலோ 10.15க்கே லண்டன்! மாயமில்லை, பாரிஸ் கடிகாரம் ஒரு மணி முந்தியது. நிஜத்தில் ஒன்றேகால் மணிப் பிரயாணம். அதிலும் ஆகாயத்தில் இருப்பது ஐம்பது நிமிஷம் போலத்தான். மீதி, தரையில் ஊர்வதும் ஓடுபாதைக்காகக் காத்து நிற்பதும்.

1919 ஆகஸ்டு 25ஆம் தேதி, ஹீத்ரூவுக்குப் பக்கத்து ஹௌன்ஸ்லோ மைதானத்திலிருந்து பாரிஸுக்குத் தினசரி விமானம் ஆரம்பமாயிற்று. முதலில் கிளம்பியதில் பிரயாணி என்று இருந்தவர் ஒரே ஒரு பத்திரிகைக்காரர். அவருக்குத் துணை தோல் சாமான், பாலாடை, வேட்டைப் பறவைகள். சுமார் இரண்டரை மணி நேரத்தில் போய் இறங்கினார்கள்.

இன்று நகரத்திலிருந்து விமான நிலையம் போக ஒரு மணி; சோதனைகளுக்காக இரண்டு மணி முன்னதாகவே ஆஜர்; இறங்கிப் பாரிஸுக்குள் போக இன்னொரு மணி. கூட்டினால் ஐந்து மணிக்கு மேலாகிறது. இந்த ஐந்தை எந்த அட்டவணையும் அச்சடிப்பதில்லை. 1994இல் வந்த கடலடி ரயிலுக்குத் தூரம் அதிகம், சுமார் 490 கிலோமீட்டர். அதற்கும் முன்னதாகப் போய்ப் பாஸ்போர்ட்டை நீட்டத்தான் வேண்டும். ஆனால் ஏறி உட்கார்ந்தால் இரண்டரை மணிக்குள் ஊர் நடுவிலேயே இறக்கிவிடுகிறது.

ஆனாலும் விமானத்துக்கு ஆள் இல்லாமல் போகவில்லை. பாரிஸில் விமானம் மாறி டாக்கருக்கோ அபிஜானுக்கோ போகிறவருக்கு ஊர் நடு எதற்கு?