கிணற்றடியிலிருந்து குளியலறைக்கு

ஒரு வீட்டின் பெருமையை அதன் தலைவாசலிலும் விறாந்தையிலும் காண்பது யாழ்ப்பாணத்தார் வழக்கம். வருவோர் கண்ணிற் படுவன அவையே ஆதலின், செல்வமும் கலையுணர்வும் அங்கேயே குவிக்கப்பட்டன. உடலைக் கழுவும் இடமும் உடுப்புத் தோய்க்கும் இடமும் கோடிப்புறத்துக்குரியனவாய், பேசத்தகாதனவாய் ஒதுக்கப்பட்டிருந்தன. இன்று நிலைமை வேறு. புதுவீடு கட்டுவோரும் பழைய வீட்டைத் திருத்துவோரும் மேசனாரோடு முதலிற் பேசுவது குளியலறையைப் பற்றியே. சுவருக்கு எந்த நிற ரைல் பதிப்பது, கண்ணாடியை எங்கே மாட்டுவது, சலவை இயந்திரத்துக்கு எந்த மூலையை ஒதுக்குவது என்பனவற்றிலே குடும்பம் முழுவதும் கருத்துரைக்கின்றது. இதனை வெறும் நாகரிக மோகம் என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் நீரோடும் உடலோடும் உழைப்போடும் ஒரு சமூகம் கொண்டிருந்த உறவிலே நிகழ்ந்த மாற்றம் இது என்பதே உண்மை.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணக்கற்பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கிய மழைநீரே தலைமுறை தலைமுறையாக மக்களைக் காத்து வந்தது. வீட்டு வாழ்க்கை கிணற்றைச் சுற்றி அமைந்தமைக்கு இதுவே காரணம். துலாவும் பட்டையும், பின்னர் கப்பியும் வாளியும், வட்டமாகக் கட்டிய சீமெந்துத் தளமும், ஒரு தொட்டியும், சரிவாக நாட்டிய தோய்கல்லும், உடுப்புக் காயவிடும் கொடியும் சேர்ந்ததே கிணற்றடி. குளித்த நீரும் தோய்த்த நீரும் சிறு வாய்க்கால் வழியே ஓடி வாழைக்கும் கமுகுக்கும் பாய்ந்தன. அள்ளுபவரின் தோள்வலியே அங்கு நீருக்கு அளவுகோலாக இருந்தது. வேண்டியதற்கு மேல் ஒரு வாளியேனும் அள்ள எவரும் விரும்பியதில்லை.

ஆயினும், கிணற்றடியைப் பொற்காலச் சின்னமாகப் போற்றுதல் பொருந்தாது. கிடுகு வேலியொன்றே மறைப்பாக இருந்த வளவுகளிலே பெண்கள் குறுக்குக்கட்டோடு, விடியுமுன்னரோ இருண்ட பின்னரோ குளிக்க நேர்ந்தது. பிள்ளைத்தாய்ச்சிகளும் நோயாளரும் மாரிகாலத்து இருளிலே விளக்கேந்திக் கோடிக்குச் சென்று வந்தனர். ஊர்க் கிணறுகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் கயிற்றைத் தொடுவதற்கும் உரிமையின்றி, யாரேனும் அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நின்றனர். சாதியின் பேரால் இத்தகைய உரிமைகளை மறுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957 இல் இயற்றப்பட்டது. எனினும், சட்டம் வந்தவுடன் வாளியும் கயிறும் பொதுவாகிவிடவில்லை. நகரங்களிலே வாளிக் கக்கூசுகள் இருந்தன. மனிதர் கழித்ததை மனிதரே சுமந்தனர். வளைந்த குழாயிலே சிறிது நீர் எப்பொழுதும் நின்று நாற்றத்தைத் தடுக்கும் நீரடைப்பு மலசலகூடம் பரவிய பின்னரே அக்கொடுமை நீங்கும் வழி பிறந்தது. குளியலறை வீட்டினுள்ளே வந்ததைப் பழிப்போர் இவற்றை மறந்துவிடலாகாது.

கழுவுமிடத்தை அழகுபடுத்தும் எண்ணமும் இந்நாட்டுக்குப் புதியதன்று. அநுராதபுரத்து அபயகிரி விகாரைக்குரிய இரட்டைக் குளமான குட்டம் பொக்குணவில், படிக்கட்டும் கல் விளிம்பும் செம்மையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அதைவிட வியக்கத்தக்கது, நீர் குளத்தை அடையுமுன் சிறு தொட்டிகளிலே தங்கி மண்டியை விட்டுத் தெளிந்து செல்லுமாறு செய்யப்பட்டிருக்கும் ஏற்பாடாகும். அதே நகரின் மேற்குப்புறத் துறவுமடங்களிலோ வேறொரு விந்தை உண்டு. ஏனைய கட்டடங்கள் அணியெதுவுமின்றி இருக்க, சிறுநீர் கழிக்கும் கற்கள் மாத்திரம் மாளிகை வடிவங்களோடு செதுக்கப்பட்டுள்ளன. ஆடம்பரத்தின் மீது துறவிகள் கொண்ட இகழ்ச்சியே அவ்வாறு வெளிப்பட்டது என அறிஞர் சிலர் விளக்குவர். ஒரே நகரின் இவ்விரு சான்றுகளில், அழகும் பயனும் ஒன்றியது குளம்; அழகையே எள்ளி நகைத்தது கல். இன்றைய குளியலறை இவற்றுள் எதனைச் சார்ந்தது என்பது சிந்தித்தற்குரியது.

இதற்கு விடை காண ஒரு வீட்டை நோக்கலாம். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பிய பணத்தில், நல்லூர்த் திருவிழாவுக்கு அவர்கள் வந்து தங்குவதற்கென, அவ்வீட்டின் அறையோடு சேர்த்துக் குளியலறையொன்று கட்டப்பட்டது. நிலத்துக்கும் சுவருக்கும் பளபளக்கும் வெள்ளை ரைல், கொமோட், தலைக்கு மேல் ஷவர், சுடுநீர் தரும் கருவி என ஒன்றும் குறையில்லை. வந்தவர்கள் மகிழ்ந்து குளித்துத் திரும்பிச் சென்றனர். வீட்டில் எஞ்சிய எண்பது வயது ஆச்சியோ பழையபடி கிணற்றடிக்கே நடந்தார்.

“ஆச்சி, உள்ளுக்குக் குளியுங்கோவன். சுடுதண்ணியும் வருதுதானே?” என்று பேர்த்தி கேட்டாள்.

“அந்த நிலம் காலை வழுக்குது மோனை. பிடிக்கிறதுக்கு ஒரு கம்பியும் இல்லை. கதவைச் சாத்தினா மூச்சும் முட்டுது” என்பதே ஆச்சியின் மறுமொழி.

பழமைப் பற்று என்று வீட்டார் எண்ணியது உண்மையில் ஒரு கட்டடக் குறையாக இருந்தது. பளபளப்பைத் தெரிந்தெடுத்தவர்கள், ஆண்டு முழுவதும் அவ்வறையைப் பயன்படுத்த வேண்டியவரின் காலை எண்ணிப் பார்க்கவில்லை. சொரசொரப்பான ரைல், கொமோட்டின் அருகே சுவரில் உறுதியாகப் பொருத்திய பிடிகம்பி, வெளிப்புறமாகத் திறக்கும் கதவு, ஈரக்காற்று வெளியேற உயரத்தில் ஒரு சாளரம், நீர் தேங்காதபடி அடிக்குக் கால் அங்குலச் சரிவு ஆகியவற்றைச் செய்திருந்தால் ஆச்சியின் நடை குறைந்திருக்கும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் உட்புறமாகத் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துவிடும் என்பதை மேசன்மார் அறிவர். ஆனால் கேட்பாரில்லை.

இனி, கண்ணுக்குப் புலப்படாத பகுதி ஒன்று உண்டு. கிணற்றடியிலே நீர் வருமிடமும் போகுமிடமும் எல்லோர் கண்முன்னும் இருந்தன. குளியலறையிலோ நீர் சுவரினுள் வந்து நிலத்தினுள் மறைகின்றது. மறைந்த நீர் ஊறுகுழிக்குச் செல்கின்றது. பல வளவுகளில் அவ்வூறுகுழிக்குச் சில யார் தூரத்திலேயே கிணறு இருக்கின்றது. சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாகச் செல்லும் கழிவுநீர், மணலில் ஊறும் நீரைப் போல் வடிகட்டப்படுவதில்லை. குடிநீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதனைக் கடந்த நைத்திரேற்று குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றிற் காணப்பட்டுள்ளது. தோட்டத்து உரமும் மலக்குழியும் இதற்குரிய முக்கிய காரணங்களாகும். அந்நீரிற் கரைத்த பாலை உண்ணும் கைக்குழந்தையின் குருதி, பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்க நேரிடலாம்.

நீரின் அளவும் இதனோடு தொடர்புடையது. நிலத்தடி நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்பது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு அது பரந்திருக்கும் என்பது நீரியல் விதி. மேலே 1 அடி குறைந்தால் கீழே இழப்பது 40 அடியாகும். கைவாளியாற் சில லீற்றர் ஊற்றிச் செய்த வேலைக்குப் பழைய வகை நீர்த்தொட்டி ஒன்பது லீற்றரும் அதற்கு மேலும் கொட்டியது. மோட்டருக்குத் தோள்வலி தெரியாது. தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டமை பெரும் ஆறுதலே. ஆனால் குழாய் வழியே நீர் வந்தாலும், பெரும்பாலான வீடுகளிலே கழிவு போகுமிடம் அதே நிலந்தான்.

உடுப்புத் தோய்க்கும் இடத்தைப் பற்றியும் கூறுதல் வேண்டும். தோய்கல்லின் முன் குனிந்து நின்றவர் பெரும்பாலும் பெண். அல்லது பிறப்பினால் அத்தொழில் சுமத்தப்பட்ட குடும்பத்தவர். சலவை இயந்திரம் அச்சுமையைக் குறைத்தமை மறுக்கமுடியாத நன்மை. ஆயின், ஈர உடுப்பைச் சுமந்து கொடிக்கு நடப்பவரும், உலர்ந்ததை மடிப்பவரும் இன்றும் பெரும்பாலும் பெண்ணே. இயந்திரத்தை அழகான மூலையில் வைப்பதோடு நின்றுவிடாது, அதன் அருகிலேயே கொடிக்கு வழி, மடித்து வைக்க இடுப்பளவு உயரமான திண்ணை, வீட்டிலுள்ள ஆணும் கைவைக்கக்கூடிய ஒழுங்கு என்பன அமையுமாயின் அதுவே உண்மையான திருத்தமாகும். தோய்த்த நீரை முழுவதும் ஊறுகுழிக்கு விடாது, வடிமணல் இட்ட ஒரு சிறு தொட்டி வழியே வாழைக்குத் திருப்புதல் இன்றும் இயலும். கிணற்றடி கற்றுத் தந்த பாடங்களில் இழக்கத்தகாதது இதுவே.

ஆதலின், குளியலறையை அழகு செய்தல் தவறன்று. உடலின் தூய்மைக்கும் தனிமைக்கும் மதிப்பளிக்கும் அழகு மனித மதிப்பை உயர்த்துவதேயாம். ஆனால் ரைல் தெரிவதற்கு முன்னர், கிணறும் மலக்குழியும் ஊறுகுழியும் எங்கெங்கே உள்ளன என்பதைக் காட்டும் வளவுப் படமொன்றை வரைந்து பார்த்தல் வேண்டும். அயலவரின் கிணறும் அப்படத்தில் இடம்பெறல் வேண்டும். அதன் பின்னர் வீட்டிலுள்ள மூத்தவரை அழைத்து, அந்த ஈரநிலத்தில் அவர் எவ்வாறு நடப்பார் என்று கேட்டல் வேண்டும். இவ்விரண்டும் முடிந்த பின்னர் நிறத்தைப் பற்றிப் பேசுவதற்கு வேண்டிய காலம் இருக்கின்றது.